மண்டியை அடியில் விட்டுத் தெளிவை மட்டும் இறுப்பது எப்படி?

கலங்கிய திரவத்தை அசையாமல் வைத்தால் கனமானது அடியில் படியும், தெளிவு மேலே நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் இறுத்தல். முதல்முறை செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்ததும், மண்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். மண்டி இருப்பது தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அதை இறுத்தெடுக்க முடியாது; மறுபடி படிய இரண்டு நாள் வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பங்கு ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் வரிசை முக்கியம். ஒயினை வைத்து முழுமையாகச் சொல்கிறேன். தண்ணீர், எண்ணெய், கரைப்பான் போன்றவற்றுக்கு எது மாறும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

1. இறுத்தெடுக்க வேண்டியதுதானா என்று முதலில் பாருங்கள்

பாட்டிலைத் தூக்காமல், அதன் அடிப்பக்கத்தில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படிந்திருப்பது கருமையான பட்டையாகவோ மெல்லிய தூளாகவோ தெரியும். அடர்நிறக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாவிட்டால், வகையையும் வயதையும் வைத்து முடிவு செய்யலாம்.

பல வருடம் பாட்டிலிலேயே இருந்த சிவப்பு ஒயினில் மண்டி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டானினும் (ஒயினுக்குத் துவர்ப்பு தரும் பொருள்) நிறமிகளும் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி, கரைந்து நிற்க முடியாமல் கீழே விழுகின்றன. போர்ட் என்பது போர்ச்சுகலின் வலுவான இனிப்பு ஒயின்; அதன் வின்டேஜ் வகையில் இது இன்னும் அதிகம். அறுவடைக்குப் பிறகு சுமார் 2 வருடத்தில் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்து, பல வருடம் அதிலேயே முதிர விடுகிறார்கள். டானி என்ற இன்னொரு வகை போர்ட் அப்படி இல்லை. அது மரப்பீப்பாயில் நெடுங்காலம் இருந்து, மண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. அதை இறுத்தெடுக்கத் தேவையில்லை.

வெள்ளை ஒயின் அடியில் சர்க்கரைத் துண்டு போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. குளிரில் படிகமாகி விழுந்திருக்கும். கனமானது, சீக்கிரம் படியும். கவனமாக ஊற்றினாலே போதும். இவை எதுவும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வாயில் மணல் மாதிரி நெருடும், சிவப்பு ஒயின் மண்டியில் கசப்பும் இருக்கும். அதனால்தான் ஒதுக்குகிறோம்.

இளம் ஒயினைக் குடுவைக்கு மாற்றுவதும் உண்டு. அது காற்று படுவதற்காகச் செய்வது. அங்கே சலசலவென்று ஊற்றினால்தான் நல்லது. இங்கே செய்யப்போவது அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, பழைய பாட்டிலை உயரத்திலிருந்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

2. எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

ஒருமுறை பாட்டிலைச் சாய்த்துவிட்டால் நடுவில் நிறுத்தி எதையும் தேட முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஆகவே பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே மேசையில் இவை இருக்க வேண்டும்:

சுத்தமான கண்ணாடிக் குடுவை. பாட்டில் 750 மில்லி என்றால், ஒரு லிட்டராவது பிடிக்கும் குடுவை நல்லது. சோப்பு வாசனையோ அலமாரி வாசனையோ இருக்கக் கூடாது. மூக்கை உள்ளே வைத்து முகர்ந்து பாருங்கள். பழைய ஈயக் கண்ணாடிக் குடுவையாக இருந்தால் அன்றைக்கே பரிமாறிக் காலி செய்துவிடுங்கள். நாள்கணக்கில் சேமித்து வைத்தால் ஈயம் திரவத்தில் கரையும்.

அப்புறம், ஒரு சிறிய டார்ச் அல்லது மெழுகுவர்த்தி, தக்கைத் திருகி, சுத்தமான வெள்ளைத் துணி, கடைசி மிச்சத்துக்கு ஒரு சிறிய டம்ளர். நுண்ணிய வலை வைத்த புனல் இருந்தால் பக்கத்தில் இருக்கட்டும். அது தக்கைத் துணுக்குகளுக்காக மட்டும். மண்டியின் நுண்துகள் வலையில் நிற்காது. வலை இருக்கிறதே என்ற தைரியத்தில் கலக்கி ஊற்றினால் ஏமாந்துபோவீர்கள்.

3. தெளிய விடுங்கள்

பாட்டிலை ஊற்றப்போகும் மேசையிலேயே, அல்லது அதற்கு மிக அருகில், நிமிர்த்தி வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம். நன்றாக முதிர்ந்தது என்றால் 2 அல்லது 3 நாள். இதைவிட அதிகம் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை, குறைவாகக் காத்திருப்பதில்தான்.

ஏன் இவ்வளவு நேரம்? ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் நாலில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கானால் நூறில் ஒரு பங்கு. பெரிய துகள் ஒரு மணி நேரத்தில் இறங்கும் தூரத்தை, அதே பொருளின் பத்தில் ஒரு பங்கு அளவுத் துகள் கடக்க 100 மணி நேரம் ஆகும். அதாவது நாலு நாளுக்கு மேல். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து ‘படிந்துவிட்டது’ என்று சொல்பவர்கள் பெரிய துகளை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். கசப்பு பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும் அந்த நுண்தூளில் இருக்கிறது.

காத்திருக்கும் இடமும் முக்கியம். ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கத் திரவம் சூடாகி மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டமே நுண்துகளைத் தூக்கிவிடப் போதும். அடிக்கடி திறந்து மூடும் குளிர்ப்பெட்டிக் கதவுத் தட்டும் சரிப்படாது. நிழலான, ஆட்டமில்லாத, வெப்பநிலை மாறாத மூலை ஒன்று பாருங்கள்.

படுக்கை வாட்டில் சேமித்த பாட்டில் என்றால் இன்னொன்று உண்டு. பல வருடமாக எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மண்டி ஒட்டியிருக்கும். மேல்பக்கத்தை அடையாளம் காட்ட, வின்டேஜ் போர்ட் பாட்டில்களில் ஒரு துளி சுண்ணாம்பு வெள்ளை பூசும் வழக்கமே இருந்தது. எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். பிறகு ஊற்றும்போதும் அந்தப் பக்கமே மேலே இருக்கட்டும். சுவரில் ஒட்டிய மண்டி கீழ்ப்பக்கத்திலேயே கிடக்கும், ஓடும் திரவம் அதன்மேல் மெதுவாகப் போய்விடும்.

நிமிர்த்தி வைக்க நேரமே இல்லையா? அப்படியானால் நிமிர்த்தவே வேண்டாம். படுத்த நிலையிலிருந்து சாய்வுக் கூடைக்கு (பாட்டிலைச் சற்றே சாய்ந்தபடி படுக்கவைக்கும் கூடை) மாற்றி, அந்தச் சாய்விலேயே திறந்து ஊற்றுங்கள். அவசரமாக நிமிர்த்தி, அரை மணி நேரத்தில் மறுபடி சாய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

4. அசைக்காமல் திறவுங்கள்

கழுத்தைச் சுற்றியிருக்கும் உறையை முழுவதுமாக உரித்துவிடுங்கள். விளிம்பில் மட்டும் வெட்டினால் மிச்ச உறை கழுத்தை மறைக்கும். பின்னால் வெளிச்சம் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத் திருகியை இறக்குங்கள். பாட்டில் மேசையில் நிற்கட்டும். திருகி மட்டும் சுற்ற வேண்டும். பழக்கத்தில் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து இழுப்பவர்கள் உண்டு. அந்த ஒரு இழுப்பில் இரண்டு நாள் காத்திருப்பு வீண். தக்கை வெளிவரும் கடைசி நொடியில் ‘டப்’ என்று இழுக்காதீர்கள். அந்த உதறலும் உள்ளே போகும். கடைசி அரை அங்குலத்தைக் கையால் மெல்ல ஆட்டி எடுங்கள்.

20 வருடத்துக்கு மேல் ஆன தக்கை பொடிந்துபோகக் கூடும். அதற்குத் திருகியைவிட, தக்கையின் இரு பக்கமும் நுழைந்து பிடிக்கும் இரண்டு தகடு வைத்த கருவி நல்லது. உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் கம்பி விட்டுத் துழாவ வேண்டாம். வலைப் புனல் அதற்குத்தான் இருக்கிறது. எடுத்தபின் கழுத்தின் உள்விளிம்பை ஒருமுறை துடையுங்கள்.

5. வெளிச்சத்தைக் கழுத்துக்குப் பின்னால் வையுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் வெளிச்சத்தைப் பாட்டிலின் அடிக்குக் காட்டுவார்கள், மண்டி அங்கேதானே இருக்கிறது என்று. நமக்கு வேண்டியது அது கிளம்பி வருகிற செய்தி. அதைக் காண வேண்டிய இடம், பாட்டிலின் தோளும் கழுத்தும் சேருகிற வளைவு.

டார்ச்சை மேசையில் நிறுத்தி வெளிச்சம் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். பாட்டிலைச் சாய்க்கும்போது அந்த வளைவு டார்ச்சுக்கு நேர்மேலே வர வேண்டும், உங்கள் கண் வளைவுக்கு மேலே. கண், கண்ணாடி, வெளிச்சம் மூன்றும் ஒரே கோட்டில். மற்ற விளக்குகளைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மெழுகுவர்த்தியும் போதும், அடர்நிறக் கண்ணாடிக்கு டார்ச்தான் உதவும்.

திரவம் இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். காலிப் பாட்டிலைப் பிடித்து, குடுவை எங்கே, டார்ச் எங்கே, முழங்கை எங்கே தட்டுகிறது என்று பார்த்து இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. ஒரே சாய்வில் ஊற்றுங்கள்

இங்கே விதி ஒன்றே ஒன்று: சாய்த்த பாட்டிலை நடுவில் நிமிர்த்தக் கூடாது.

காரணம் எளிது. சாய்க்கும்போது திரவம் ஒரு திசையில் வழிகிறது, மண்டி அடி மூலையில் ஒதுங்கி நிற்கிறது. நிமிர்த்தினால் தோளில் இருந்த திரவம் முழுவதும் திரும்பி அடியில் மோதும். மறுபடி சாய்த்தால் கலங்கலாகத்தான் வரும். கை வலிக்கிறது, பிடியை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் பாட்டிலை நிமிர்த்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதுவரை மாணிக்கம் போல இருந்தது, அடுத்த சாய்வில் கழுவிய தண்ணீராக வந்தது. பாதிப் பாட்டில் போனது.

முழங்கைக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். பாட்டிலின் உடம்பைக் கீழ்ப்பாதியில் பிடியுங்கள். மற்றொரு கையில் குடுவையைச் சாய்த்து, பாட்டில் வாயை அதன் விளிம்புக்கு அருகில் கொண்டுவாருங்கள். திரவம் குடுவையின் உட்சுவரில் வழிந்து இறங்கட்டும்.

மெல்லிய, அறுபடாத தாரை. எவ்வளவு மெல்லியது? காதால் அளக்கலாம். பாட்டில் ‘குபுக் குபுக்’ என்றால் அது தவறு. கழுத்து முழுவதும் திரவம் நிறைந்தால், வெளியேறுவதற்கு ஈடான காற்று உள்ளே போக வழியில்லை. அது குமிழாக முட்டிக்கொண்டு உள்ளே பாயும். ஒவ்வொரு ‘குபுக்’கும் ஒரு சிறிய அடி, மண்டி வரைக்கும் போய் உலுக்கும். தாரை கழுத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் ஓடினால், மேல்பாதி வழியே காற்று சத்தமில்லாமல் உள்ளே போகும். பாட்டில் ஒரு சத்தமும் போடக் கூடாது.

ஒரு பாட்டிலுக்கு நான் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வேன். முதல் பாதியில் சற்று வேகமாகப் போனாலும் கெடுதல் இல்லை. பின்பாதியில் சாய்வைக் கூட்டும் வேகம் நத்தை மாதிரி இருக்க வேண்டும்.

பாட்டில் வடிவத்தையும் கவனியுங்கள். பிரான்சின் போர்டோ வகைப் பாட்டிலுக்கு உயர்ந்த தோள் உண்டு. மண்டி கடைசியில் அங்கே தடுத்து நிற்கும், நிறுத்த நேரம் கிடைக்கும். பர்கண்டி வகையில் தோள் சரிந்து போகும், தடுப்பு கிடையாது. அதில் இன்னும் மெதுவாக, இன்னும் சீக்கிரமாக நிறுத்த வேண்டும்.

7. நிறுத்த வேண்டிய நொடி

கழுத்தின் வளைவில் மூன்று விதமாகச் செய்தி வரும். முதலில் ஊதுபத்திப் புகை போல ஒரு மங்கல், தெளிவுக்குள் சுருண்டு நகரும். அடுத்து, கீழ்ச்சுவரை ஒட்டி ஒரு கருமையான நூல். கடைசியில் துகள்களே உருண்டு வரும்.

புகை தெரிந்ததும் தயாராகுங்கள். நூல் கழுத்துக்குள் நுழையும் முன் நிறுத்துங்கள். துகள் வரும்வரை காத்திருந்தவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

நிறுத்துவது என்றால் பாட்டில் வாயைச் சட்டென்று, ஆனால் உதறாமல், மேலே தூக்குவது. தயங்கித் தயங்கித் தூக்கினால் அந்த இடைவெளியில் நூல் முழுவதும் குடுவைக்குள் போய்விடும். 30 முதல் 60 மில்லி வரை அடியில் மிஞ்சும். மண்டி அதிகம் உள்ள போர்ட்டில் இன்னும் கூடுதலாகவே மிஞ்சலாம். அந்த ஒரு வாய்க்கு ஆசைப்பட்டுத்தான் முழுக் குடுவையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த கெட்டுப்போன முயற்சிகளில் பெரும்பாலானவை கடைசி பத்து நொடியில் கெட்டவை.

கை பழக வேண்டும் என்றால், நிறமில்லாத பாட்டிலில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் களிமண்ணும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மூன்று தடவை இறுத்துப் பார்த்தால் அந்தப் புகையும் நூலும் கண்ணுக்குப் பழகிவிடும்.

8. மிச்சத்தைத் தனியாக வையுங்கள்

அடியில் நின்றதைச் சிறிய டம்ளரில் ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு வாய் தெளியும். காபி வடிதாளில் வடிகட்டினால் சமையலுக்கு ஆகும். இரண்டையும் குடுவைக்குள் மட்டும் சேர்க்காதீர்கள்.

மிகப் பழைய ஒயின் என்றால், பரிமாறுவதற்குச் சற்று முன்பு இறுங்கள். காற்று பட்டதும் அதன் வாசனை வேகமாக மங்கும்.

9. தூக்க முடியாத பாத்திரம்: குழாய் வைத்து இறக்குதல்

பெரிய ஜாடியையோ டிரம்மையோ சாய்க்க முயலாதீர்கள். சாய்க்கும்போதே முழுத் திரவமும் இடம் மாறும். மெல்லிய ட்யூப் வைத்து சைபன் முறையில் எடுங்கள்.

முதல் வேலை, நிறைந்த ஜாடியை உயரத்தில் வைப்பது. அதையும் தெளிய விடும் முன்பே செய்துவிடுங்கள். தெளிந்தபின் ஜாடியை மேசைமேல் தூக்கி வைத்துக் கலக்கிவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

ட்யூபைச் சுத்தமான தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தெளிவுக்குள் விடுங்கள். மறுமுனையை ஜாடியின் திரவ மட்டத்தைவிடத் தாழ்வாகப் பிடித்துத் திறந்தால் ஓட ஆரம்பிக்கும். முதலில் வரும் தண்ணீரைத் தனியே விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது. அதே எண்ணெயால் நிரப்புங்கள். ரசாயனத்தை ஒருபோதும் வாயால் உறிஞ்சாதீர்கள். கைப்பம்ப் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்முனை மண்டிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். முனை உறிஞ்சுவது நேர் எதிரே மட்டும் இல்லை, சுற்றிலும் இருந்து. அருகில் வைத்தால் மண்டியில் குழி பறிக்கும். ட்யூபை ஒரு குச்சியில் கட்டி, குச்சி முனை ட்யூபைவிட அந்த அளவு நீண்டிருக்கும்படி செய்தால் கை நடுங்கினாலும் பயமில்லை. குச்சியை மெதுவாக இறக்க மட்டும் மறக்காதீர்கள். ஓட்டத்தைக் குறைக்க வெளிமுனையை உயர்த்தினால் போதும்.

10. மற்ற திரவங்களில் என்ன மாறும்?

கலங்கல் தண்ணீர்: நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். எவ்வளவு காத்திருந்தாலும் தெளியாத தண்ணீரின் கதை இது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்த விலக்கத்தைக் குலைத்து, துகள்களைப் பஞ்சு போலத் திரட்டும். சிறிது படிகாரத்தைத் தனியாகக் கரைத்து ஊற்றி, முதலில் வேகமாகவும் பிறகு சில நிமிடம் மெதுவாகவும் கிளறுங்கள். வேகம் கலப்பதற்கு, மெதுவானது திரள்வதற்கு. பிறகு கையை எடுத்துவிடுங்கள். இறுத்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தாலும் கிருமி இருக்கும். குடிக்க வேண்டுமானால் நன்கு தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

எண்ணெய்: கெட்டியாக இருப்பதால் தெளிய நேரமாகும். குளிர்ந்தால் இன்னும் கெட்டிப்படும். ஆகவே குளிர்ப்பெட்டி வேண்டாம், சாதாரண அறை போதும். மண்டியில் ஈரமும் சேர்ந்திருக்கும். அதன்மேலேயே எண்ணெயை மாதக்கணக்கில் வைத்தால் அடியிலிருந்து வாசனை கெட ஆரம்பிக்கும். தெளிந்ததும் முற்றிலும் உலர்ந்த பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

தூரிகை கழுவிய டர்பன்டைன்: மூடிய பாட்டிலில் சில நாள் வைத்தால் வண்ணம் அடியில் சேறாக இறங்கும். தெளிவை இறுத்து மறுபடி பயன்படுத்தலாம். நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இங்கே மெழுகுவர்த்தி கூடவே கூடாது. சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, விரித்து உலர்த்துங்கள்.

ஆய்வகத்தில் வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து அடியில் படியும் திடப்பொருள்): பீக்கரின் மூக்கில் கண்ணாடித் தண்டை ஒட்டிப் பிடித்து ஊற்றினால், திரவம் தண்டைப் பற்றிக்கொண்டு இறங்கும், பீக்கரின் வெளிச்சுவரில் ஒழுகாது. இங்கே நமக்கு வேண்டியது அடியில் உள்ளதுதான், அதனால் கழுவ வேண்டும். ஒரேயடியாக நிறையத் தண்ணீர் ஊற்றுவதைவிட, பிரித்துப் பலமுறை கழுவுவதே பலன். ஒவ்வொரு முறையும் 100 மில்லிக்கு நிரப்பி 10 மில்லி மட்டும் மிஞ்சும்படி இறுத்தால், கரைந்திருக்கும் அழுக்கு பத்தில் ஒரு பங்காகக் குறையும். மூன்று முறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே 270 மில்லியை ஒரே முறையில் சேர்த்து இறுத்தால், இருபத்தெட்டில் ஒரு பங்குதான்.

11. நடுவில் கலங்கிவிட்டால்

கலங்கல் வருவது தெரிந்த உடனே குடுவையை விலக்கி, மிச்சத்தை வேறு பாத்திரத்தில் பிடியுங்கள். அதுவரை எடுத்த தெளிவாவது மிஞ்சும். சரி பார்க்கலாம் என்று அதே குடுவையில் தொடர்ந்தால் எல்லாமே ஒரே நிறமாகிவிடும்.

தண்ணீர், எண்ணெய், கரைப்பான் என்றால் மறுபடி தெளிய வைத்து முதலிலிருந்து தொடங்கலாம், நேரம்தான் நஷ்டம். திறந்துவிட்ட பழைய ஒயினுக்கு அந்த அவகாசம் கிடையாது. கலங்கிய பங்கை ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தி, மேலே தெளிந்ததை மட்டும் தனி டம்ளரில் மெல்ல எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் சமையலுக்குப் போகட்டும்.